வழி

புதுப் பஸ்ஸ்டாண்டு மைக்கில் வருகிற குரல் என்னுடையது.
சேரன்மகாதேவி வழி பாபநாசம்,
ஆழ்வார்குறிச்சி வழி கடையம்.
நாளுக்கு நானூறு வழி சொல்வேன்.
ஒவ்வொன்றுக்கும் நாக்கு பின்னால் சுருண்டு
அண்ணத்தைத் தொட்டும் தொடாமலும் இறங்கும்.

அந்த நாக்கில்தான்
ஐந்து நாள் லீவு போட்டு
ஒரு துளை போட்டுக்கொண்டேன்.
குரல் எல்லாருக்கும் போய்விடுகிறது.
வாய்க்குள் எனக்கென்று ஒன்று கிடக்கட்டுமே.

வண்ணார்பேட்டையில் செல்போன் கடைக்கு மேல் மாடி.
ரீகன் டார்ச் அடித்து நாக்கைத் தூக்கச் சொன்னான்.
அடியில் இரண்டு நீல நரம்பு.
"இதுக்கு நடுவுல இடம் இருக்கணும்.
குறுக்க கிடந்தா குத்தமாட்டேன்,
துட்டைத் திருப்பித் தந்துருவேன்."
சுகர் உண்டா, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை உண்டா,
மாசமா இருக்கியளா என்று கேட்டான்.
ஊசியின் உறையை என் கண்முன்னே கிழித்தான்.
கம்பி இவ்வளவு நீளமா? அசிங்கமாகப் பட்டது.
"வீங்கும்லா. வீங்குறதுக்கு இடம் விடணும்."
எங்கள் வீட்டில் யாரும் அப்படி யோசித்ததில்லை.

குத்தியது ஒரு நொடி.
ராத்திரிதான் நாக்கு வந்து சேர்ந்தது,
வேற்றாள் ஒருத்தி
என் வாயில் பாய் விரித்த மாதிரி.

ஐஸ் துண்டு. ஆறிய கஞ்சி. மோர்.
பக்கத்து வீட்டுச் சொதி வாசத்துக்கு ஜன்னலைச் சாத்தினேன்.
கொதித்து ஆறிய தண்ணீரில் கால் ஸ்பூன் உப்பு,
தின்றபின் ஒவ்வொரு தடவையும் கொப்பளிப்பு.
புது பிரஷ். கை கழுவாமல் குண்டைத் தொடுவதில்லை.

அம்மா திருநீறோடு வந்தாள்.
"சொடலையாண்டி மவன் அலகு குத்துனான்,
ஒரு பிடி திருநீறு, மறுநாளே கறி தின்னான்.
ஒனக்கு எதுக்கு இத்தனை பண்டுவம்?"
அவனுக்குத் தெருவே குலவை போட்டது.
எனக்கு அப்பா மூன்று நாள் முகம் கொடுக்கவில்லை.
பேச முடியாததால் கேஸ் பில்லின் பின்னால் எழுதிக் காட்டினேன்:
அவன் வேல் அன்னைக்கே இறங்கிட்டு.
இது குடியிருக்க வந்தது.

ஜெசிந்தாவையும் சொல்ல வேண்டும்.
நாலாம் பிளாட்பாரத்தில் கூல்டிரிங்ஸ் விற்கிறவள்.
கொடைக்குப் போன இடத்தில், வளையல் கடைக்குப் பக்கத்தில்,
எத்தனை வாய் பார்த்ததோ அந்த ஊசி.
ஐந்தாம் நாள் தாடைக்கு அடியில் கட்டை மாதிரி இறுகி
எச்சில்கூட இறங்காமல்
நடுராத்திரி ஐகிரவுண்டுக்குத் தூக்கிப் போனார்கள்.
மூச்சுக்குத் தொண்டையில் வழி போட்டார்கள்.
பதினோரு நாள்.
இப்போது துண்டைக் கழுத்தோடு சுற்றிக்கொண்டு
சில்லறை எண்ணுகிறாள்.
"காய்ச்சல், சீழு, முழுங்க முடியல,
ஒண்ணு வந்தாலும் பஸ்ஸுக்கு நிக்காத, ஆட்டோ புடி.
நீயா கழத்தவும் செய்யாத,
உள்ள அடைச்சுக்கிடும்" என்றாள்.
அவள் சொல்லித்தான் ரீகனிடம் போனேன்.

ஆறாம் நாள் மைக்கைப் பிடித்தேன்.
ழ வரவில்லை.
சேரன்மகாதேவி வளி. முக்கூடல் வளி.
வியர்த்துவிட்டது எனக்கு.
ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.
பாதி ஊர் அப்படித்தான் சொல்கிறது.
டைம்கீப்பர் உலகநாதன் மட்டும்
"பேச்சியம்மாளுக்குப் பேச்சு கொளறுதே" என்றார்,
நோட்டிலிருந்து தலை தூக்காமல்.

மூன்றாம் வாரம் குட்டைக் கம்பி மாற்றினான்.
ழ திரும்பி வந்தது,
இரும்பில் லேசாக இடறிக்கொண்டு.

அதற்குப் பிறகு ஒரு வருஷம் ஒன்றுமில்லை.

போன வாரம் பல் டாக்டர் கண்ணாடி காட்டினார்.
கீழ்வரிசைக்குப் பின்னால்
ஈறு ஒரு நூல் இறங்கியிருக்கிறது.
கடைவாயில் மயிரிழை விரிசல்.
"குண்டை உருட்டுவீங்களா?"
எப்போதாவது, என்றேன்.
"கழத்திட்டா இத்தோட நிக்கும்.
இறங்குன ஈறு ஏறாது."

யோசிக்கிறேன்.

யோசிக்கும்போதுதான்
உருட்டுகிறேன்.